நெருக்கடியை விற்று வென்ற தேர்தல்: பொலிவியா 2002

கடந்த ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர் எம்மிடம் வந்து ஒரு படத்தைப் பற்றிக் கேட்டார்கள். கைபேசியில் துண்டு துண்டாக வந்த காட்சிகளைத்தான் பார்த்திருந்தார்கள். ஒரு தென்னமெரிக்க நாடு. ஜனாதிபதி வேட்பாளர் ஒருவரின் தலையில் யாரோ முட்டையை உடைக்கிறான். வேட்பாளர் அவனுக்கு ஒரு குத்து விடுகிறார். கூட இருப்பவர்கள் எல்லாம் "முடிந்தது கதை" என்று தலையில் கைவைக்க, அமெரிக்காவிலிருந்து சம்பளத்துக்கு வந்த ஆலோசகப் பெண்ணுக்கு மட்டும் அந்தக் குத்தில் ஒரு வழி தெரிகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டாம், நாடு நெருக்கடியில் இருக்கிறது, நெருக்கடிக்குச் சண்டைக்காரன்தான் வேண்டும் என்று சொல்லி விற்கலாம் என்கிறாள்.

"சேர், இது மெய்யா நடந்ததா, சும்மா பகிடியா?" என்பதுதான் பிள்ளைகளின் கேள்வி.

பாதி பகிடி, பாதி நடந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மணியும் அடித்துவிட்டது. ஆனால் அந்தப் பதில் எமக்கே போதவில்லை. வரலாறு படிப்பிக்கிற நாம் எது பகிடி, எது நடந்தது என்று பிரித்துச் சொல்லாமல் விட்டால் எப்படி? விடுமுறையில் உட்கார்ந்து தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறோம். பதிவு நீளம். பிளேன்டீ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

படத்தின் பெயர் 'அவர் பிராண்ட் இஸ் க்ரைசிஸ்'. நெருக்கடிதான் எங்கள் வியாபாரக் குறி என்று தமிழில் சொல்லலாம். 2015இல் வந்தது. டேவிட் கோர்டன் கிரீன் இயக்கியது. சான்ட்ரா புல்லொக் அந்த ஆலோசகப் பெண்ணாக நடித்தார். அந்தப் பாத்திரம் முதலில் ஓர் ஆணுக்காக, ஜோர்ஜ் குளூனிக்காக, எழுதப்பட்டது. பிறகுதான் பெண்ணாக மாறியது. குளூனி தயாரிப்பாளர்களில் ஒருவராக நின்றுகொண்டார். படம் திரையரங்குகளில் ஓடவில்லை, போட்ட பணமும் திரும்பவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய படமும் அல்ல. பேச்சும் சில காட்சிகளும் அப்படி. பெற்றோர் கவனத்தில் கொள்க.

இந்தப் படத்துக்கு ஒரு மூத்த சகோதரம் இருக்கிறது. அதே பெயரில் ரேச்சல் பொய்ன்டன் என்ற பெண் இயக்குநர் 2005இல் வெளியிட்ட ஆவணப்படம் அது. 2002ஆம் ஆண்டு பொலிவியாவில் நடந்த உண்மையான ஜனாதிபதித் தேர்தலில், உண்மையான அமெரிக்க ஆலோசகர்களின் அறைக்குள்ளேயே கெமராவை வைத்து எடுத்தது. நடிகர் எவருமில்லை. அந்த ஆவணப்படத்திலிருந்து பிறந்த கேலிதான் பத்து வருடங்கள் கழித்து வந்த புல்லொக் படம்.

ஆலோசகர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். கிறீன்பேர்க், கார்வில், ஷ்ரம் என்ற மூவரின் பெயரில் வொஷிங்டனில் இயங்கிய நிறுவனம் அது. 1992இல் பில் கிளின்டனை வெள்ளை மாளிகைக்கு அனுப்பிய பிரசாரத்தின் மூளைகளில் ஜேம்ஸ் கார்வில் ஒருவர், கருத்துக்கணிப்புக்காரர் ஸ்டான்லி கிறீன்பேர்க் இன்னொருவர். கிளின்டனின் அந்தப் பிரசாரத்தையே கேலி செய்து 1998இல் 'பிரைமரி கலர்ஸ்' என்ற படம் வந்தது. அதில் கார்விலை ஒத்த பாத்திரத்தில் நடித்தவர் பில்லி பொப் தோர்ன்டன். 2015 படத்திலும் கார்விலை நினைவூட்டும் மொட்டைத்தலை ஆலோசகராக அதே தோர்ன்டன்தான் வருகிறார். ஒரே மனிதனை ஒரே நடிகர் இரண்டு நாட்டுத் தேர்தல்களில் கேலி செய்திருக்கிறார். ஒரு வித்தியாசம்: படத்தில் அவர் எதிர்த்தரப்பு வேட்பாளருக்கு வேலை செய்கிறார். உண்மையில் கார்வில் போய் நின்றது, வென்ற வேட்பாளரின் பக்கத்தில்.

அந்த வேட்பாளர் கொன்சாலோ சான்செஸ் டி லொசாடா. பொலிவியர்கள் சுருக்கமாகக் 'கோனி' என்பார்கள். 1930இல் பிறந்தவர். அமெரிக்காவில் வளர்ந்து சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவர். சொந்த நாட்டு மக்களிடம் ஸ்பானிய மொழியை அமெரிக்க உச்சரிப்போடு பேசியதால் 'கிரிங்கோ', அதாவது வெள்ளைக்கார அந்நியன், என்ற பட்டமும் இருந்தது. பெரிய சுரங்க முதலாளி. படத்தில் வரும் வேட்பாளர் காஸ்டியோவைப் போலவே இவரும் ஒரு தடவை ஜனாதிபதியாக இருந்து, இரண்டாம் தடவைக்கு வந்தவர்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் 2002இல் மக்கள் ஏன் அவ்வளவு கசப்போடு இருந்தார்கள் என்பது விளங்காது.

1980களின் நடுப்பகுதியில் பொலிவியாவின் காசு காசாகவே இருக்கவில்லை. பணவீக்கம் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான வீதத்தில் ஏறியது. கையில் வாங்கிய சம்பளத்தின் பெறுமதி நாளுக்கு நாள் கரைந்தது. 2022இல் சாமான் விலை நாளுக்கு நாள் மாறியதைப் பார்த்த எமக்கு இது கொஞ்சம் விளங்கும். ஆனால் அவர்களுடையது அதைவிடப் பன்மடங்கு. 1985 ஆகஸ்டில் 21060 என்ற இலக்கமுடைய அரச ஆணை வந்தது. மானியங்கள் வெட்டப்பட்டன, விலைக் கட்டுப்பாடுகள் நீங்கின, அரச செலவு சுருங்கியது. அதை வடிவமைத்தவர்களில் கோனி முக்கியமானவர். பணவீக்கம் நின்றது, அதை மறுக்க முடியாது. அதே காலத்தில் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலையும் விழுந்தது. அரச சுரங்கங்களிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அவர்கள் எங்கே போனார்கள்? ஒரு பகுதியினர் தலைநகர் லா பாஸுக்கு மேலேயுள்ள எல் அல்ட்டோவுக்குப் போய்க் குடிசை போட்டார்கள். இன்னொரு பகுதியினர் சப்பாரே என்ற வெப்பமண்டலப் பகுதிக்கு இறங்கிக் கொக்கோ இலை பயிரிட்டார்கள். (நாம் சொக்கலேட் செய்கிற கொக்கோ அல்ல. அந்த மலை மக்கள் நூற்றாண்டுகளாக மென்று வரும் இலை. கொக்கெய்னும் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பிரச்சினையே அதுதான்.) வேலை பறிபோனவர்கள் சங்கம் கட்டிப் பழகியவர்கள். போன இடத்திலும் சங்கம் கட்டினார்கள். இந்த இரண்டு ஊர்களின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடங்கள் கழித்துக் கோனியின் கதையை முடித்தவை அவை.

1993இல் கோனி ஜனாதிபதியானார். நல்லதும் செய்தார். ஊர் மட்டத்துக்கு அரச நிதியைப் பகிர்ந்த மக்கள் பங்கேற்புச் சட்டம் 1994இல் வந்தது. அய்மாரா பூர்வகுடியைச் சேர்ந்த விக்டர் ஊகோ கார்தெனாஸை உப ஜனாதிபதியாகப் பக்கத்தில் வைத்திருந்தார். அதே ஆட்சியில்தான் எண்ணெய், தொலைத்தொடர்பு, ரயில், விமானசேவை, மின்சாரம் ஆகிய அரச நிறுவனங்களின் 50 வீதப் பங்கும் நிர்வாகமும் வெளிநாட்டுக் கம்பனிகளுக்குப் போயின. மீதிப் பங்கின் வருமானத்திலிருந்து 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடாந்தக் கொடுப்பனவு என்று சொல்லி, 1997இல் ஆளுக்கு 248 டொலரளவில் கொடுத்தார்கள். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் எண்ணெய், எரிவாயு வயல்களுக்கு அரசு எடுக்கும் பங்கு 50 வீதத்திலிருந்து 18 வீதமாக இறக்கப்பட்டது. வேலைவாய்ப்பு பெருகும் என்றார்கள். பெருகவில்லை. 2000ஆம் ஆண்டில் கொச்சபாம்பா நகரில் தண்ணீரையே வெளிநாட்டுக் கம்பனியின் கையில் கொடுத்துக் கட்டணத்தை உயர்த்தியபோது மக்கள் தெருவுக்கு வந்து அந்த ஒப்பந்தத்தை முறித்துப் போட்டார்கள். கோனியின் கட்சி அப்போது ஆட்சியில் இல்லை. ஆனாலும் 'நாட்டை விற்றவர்' என்ற பெயர் அவர் மேல்தான் ஒட்டியிருந்தது.

இப்படிப்பட்ட ஒருவரை 2002இல் மறுபடியும் ஜனாதிபதியாக்குவது எப்படி? இதுதான் அமெரிக்க ஆலோசகர்கள் முன் வைக்கப்பட்ட வேலை.

அவர்கள் செய்த முதல் வேலை கேட்டுப் பார்ப்பது. பத்துப் பன்னிரண்டு சாதாரண மக்களை ஓர் அறையில் உட்கார வைத்து, இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், அவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பார்கள். விளம்பரங்களைப் போட்டுக் காட்டி முகத்தைக் கவனிப்பார்கள். ஆவணப்படத்தில் எம்மை அதிகம் உறுத்திய காட்சிகள் இவைதான். ஏழை மக்கள் மனம் திறந்து பேசுகிறார்கள். கோனி நாட்டை விற்றார், எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறார்கள். அதைக் கேட்பவர்கள் கொள்கையை மாற்றுவதற்காகக் கேட்கவில்லை. எந்தச் சொல்லைப் போட்டால் இந்தக் கோபம் கொஞ்சம் தணியும் என்று அறிவதற்காகக் கேட்கிறார்கள். வைத்தியரிடம் நோயைச் சொல்கிறோம் என்று நினைத்து வியாபாரியிடம் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள் பாவம்.

கேட்டதிலிருந்து எடுத்த முடிவுதான் படத்தின் தலைப்பு. கோனியை நேசிக்க வைப்பது நடக்காத காரியம். ஆகவே நேசம் வேண்டாம். நாடு பெரும் நெருக்கடியில் இருக்கிறது, இந்த நேரத்தில் அனுபவமில்லாதவனிடம் சாவியைக் கொடுக்கலாமா என்ற பயம் போதும். நெருக்கடி என்ற சொல்லைத் தன் சொத்தாக்கிக்கொள்வது. அந்த நெருக்கடியில் பாதியை உண்டாக்கியவரே அதைத் தீர்க்கக்கூடிய ஒரேயொருவராக நிற்பார். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் வேலை செய்தது.

இரண்டாவது முடிவு, முன்னால் ஓடுபவனின் காலை வாருவது. கருத்துக்கணிப்பில் முதலிடத்தில் இருந்தவர் மன்ஃபிரெட் ரெயெஸ் வியா. முன்னாள் இராணுவ அதிகாரி, கொச்சபாம்பாவின் முன்னாள் மேயர், தோற்றமும் பேச்சும் உள்ளவர். அவரது இராணுவப் பின்னணியும் சொத்து சேர்ந்த விதமும் விளம்பரங்களில் கேள்விகளாக வந்தன. நேரடியாகக் குற்றம் சாட்டத் தேவையில்லை, கேள்வி கேட்டாலே போதும் என்பது அந்தத் தொழிலின் பாடம். மன்ஃபிரெட் இறங்கத் தொடங்கினார்.

மூன்றாவதாக ஒரு கணக்கு இருந்தது. அதைத்தான் பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அப்போதைய பொலிவிய யாப்பின்படி யாருக்கும் 50 வீதத்துக்கு மேல் கிடைக்காவிட்டால், மக்கள் மறுபடி வாக்களிப்பதில்லை. பாராளுமன்றம் கூடித் தெரிவு செய்யும். எமது நாட்டில் 2024 செப்டெம்பரில் முதன்முறையாக இரண்டாவது விருப்பு வாக்கு எண்ணப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். அங்கே அந்த இரண்டாவது எண்ணிக்கை மக்களின் வாக்குச் சீட்டில் இல்லை, கட்சித் தலைவர்களின் பேரத்தில் இருந்தது. 1989இல் முதலாவதாக வந்தும் கோனி ஜனாதிபதியாகவில்லை. மூன்றாவதாக வந்த ஜைமி பாஸ் சமோராவைப் பாராளுமன்றம் தெரிவு செய்தது. பல பேர் போட்டியிடும் களத்தில் கால்வாசி வாக்குக் கிடைத்தால் போதும், மிச்சம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே ஆலோசகர்கள் நாட்டின் பெரும்பான்மையைத் திருப்திப்படுத்த மினக்கெடவே இல்லை. மினக்கெடத் தேவையும் இருக்கவில்லை.

அவர்கள் மன்ஃபிரெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தார். சப்பாரேயின் கொக்கோ விவசாயிகள் சங்கத் தலைவர், அய்மாரா பூர்வகுடி மகன், ஈவோ மொராலெஸ். அந்த வருடம் ஜனவரியில்தான் அவரைப் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன் அமெரிக்கத் தூதுவர் மனுவெல் ரோச்சா பகிரங்கமாக எச்சரித்தார்: பொலிவியாவைக் கொக்கெய்ன் ஏற்றுமதி நாடாக்க விரும்புகிறவர்களைத் தெரிவு செய்தால் அமெரிக்க உதவிக்கு ஆபத்து என்று. பெயர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. மக்களுக்கு ரோஷம் வந்தது. ஈவோவின் வாக்கு மளமளவென்று கூடியது. தூதுவர்தான் எனது சிறந்த பிரசாரத் தலைவர் என்று ஈவோ பகிடியாகச் சொன்னார்.

இந்தத் தூதுவரைப் பற்றி ஒரு வால் குறிப்பு. எந்தக் கேலிப்பட எழுத்தாளருக்கும் இப்படி எழுதத் துணிவு வந்திராது. 2023 டிசம்பரில் அமெரிக்கா இதே ரோச்சாவைக் கைது செய்தது. பல தசாப்தங்களாகக் கியூபாவுக்கு இரகசிய முகவராக வேலை செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் ஒப்புக்கொண்டார். 2024 ஏப்ரலில் 15 வருடச் சிறைத்தண்டனை. 2002இல் அவர் பேசிய பேச்சு அமெரிக்காவின் ஆணவமா, வேறு கணக்கா என்று பலர் இப்போது கேட்கிறார்கள். நாம் அதற்குள் போகவில்லை.

2002 ஜூன் 30 வாக்களிப்பு. கோனி 22.46 வீதம். ஈவோ 20.94. மன்ஃபிரெட் 20.91. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் 721 வாக்குகள். ஒரு பெரிய பாடசாலையின் பிள்ளைகள் தொகை அவ்வளவுதான். ஆகஸ்ட் 4ஆம் திகதி பாராளுமன்றம் 84க்கு 43 என்ற கணக்கில் கோனியைத் தெரிவு செய்தது. 1989இல் அவரிடமிருந்து பதவியைத் தட்டிக்கொண்டுபோன அதே ஜைமி பாஸ் சமோராவின் கட்சி இம்முறை அவருக்குக் கை கொடுத்தது. பிரசாரத்தில் கிழிகிழியென்று கிழிக்கப்பட்ட மன்ஃபிரெட்டின் கட்சிகூட அடுத்த வருடம் கோனியின் அரசாங்கத்தில் போய்ச் சேர்ந்தது. ஊர் அரசியலைப் பார்த்த எவருக்கும் இது அதிசயமாக இராது.

ஆலோசகர்களைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. வெற்றி. விமானம் ஏறினார்கள்.

ஆனால் 22 வீதத்தோடு 100 வீதத்தை ஆள வேண்டும். நெருக்கடி என்று சொல்லி வாக்கு வாங்கியாயிற்று, நெருக்கடியோ அப்படியே இருக்கிறது. கஜானா காலி. சர்வதேச நாணய நிதியம் வரவுசெலவுப் பற்றாக்குறையைக் குறைக்கச் சொன்னது. 2003 பெப்ரவரியில் சம்பளத்தின் மீது 12.5 வீதம்வரை வருமான வரி அறிவிக்கப்பட்டது. சம்பள உயர்வு கேட்டுக்கொண்டிருந்த பொலிசாரும் கிளர்ந்தார்கள். லா பாஸின் முரில்லோ சதுக்கத்தில், ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால், பொலிசும் இராணுவமும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். இரண்டு நாளில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். வரி திரும்பப் பெறப்பட்டது. போன உயிர்கள் போனவைதான்.

அடுத்தது எரிவாயு. பொலிவியாவில் பெரும் இயற்கை வாயு இருப்பு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டுக் கம்பனிகளின் கூட்டொன்று அதைக் குழாயில் கொண்டுபோய்ச் சிலி நாட்டுத் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் விற்கத் திட்டமிட்டது. சிலி என்ற பெயரே பொலிவியர்களுக்குப் புண். 1879இல் தொடங்கிய யுத்தத்தில் தங்கள் கடற்கரை முழுவதையும் சிலியிடம் இழந்த நாடு அது. கடலில்லாத நாட்டின் பிள்ளைகள் இன்றும் அந்தக் கடலைப் பற்றிப் பாடசாலையில் படிக்கிறார்கள். அதைவிடப் பெரிய கோபம், வாயு நமது நிலத்தில், அடுப்பெரிக்க நமக்கில்லை என்பது. எல் அல்ட்டோவில் அப்போது எத்தனையோ வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு இருக்கவில்லை.

2003 செப்டெம்பரில் பாதை மறியல்கள் தொடங்கின. செப்டெம்பர் 20, வரிசாத்தா என்ற மலைக் கிராமத்தில் இராணுவம் சுட்டதில் தன் வீட்டுக்குள் நின்ற எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இறந்தாள். ஒக்டோபரில் எல் அல்ட்டோ முழுவதும் மூடிக்கொண்டது.

அந்த ஊரின் அமைப்பைச் சொல்ல வேண்டும். லா பாஸ் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. எல் அல்ட்டோ அந்தக் கிண்ணத்தின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீற்றர் உயரத்தில். விமான நிலையம் மேலே. எரிபொருள் களஞ்சியம் மேலே. தலைநகருக்குள் இறங்கும் பாதைகளும் அந்த ஊரின் ஊடாகத்தான். அங்கே பாதையில் கல்லைப் போட்டால் கீழே பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பாண் இல்லை. சுரங்கத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் வீடுகள் அந்தப் பாதைகளின் ஓரங்களில்தான் இருந்தன.

ஒக்டோபர் 11ஆம் திகதி அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. எரிபொருள் பவுசர்களை இராணுவப் பாதுகாப்போடு இறக்குவது, அதில் ஆட்களுக்கோ சொத்துக்கோ ஏற்படும் பாதிப்புக்கு அரசு ஈடு செய்யும் என்பது அதன் சாரம். பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பவுசர்கள் புறப்பட்டன. இரண்டு மூன்று நாட்களில் எல் அல்ட்டோவிலும் சுற்றுப்புறங்களிலும் விழுந்த உடல்கள்தான் மொத்தக் கணக்கின் பெரும்பகுதி. செப்டெம்பர், ஒக்டோபர் இரண்டு மாதத்திலும் 60 பேரளவில் இறந்தார்கள். 400 பேருக்கு மேல் காயப்பட்டார்கள். பெரும்பாலோர் அய்மாரா ஏழைகள். கையில் ஆயுதம் இல்லாதவர்கள். ஜன்னலால் எட்டிப் பார்த்து இறந்தவர்களும் உண்டு.

ஒக்டோபர் 13ஆம் திகதி உப ஜனாதிபதி கார்லோஸ் மேசா ஜனாதிபதிக்கான ஆதரவை விலக்கிக்கொண்டார். மேசா ஒரு வரலாற்றாசிரியர், தொலைக்காட்சியில் நல்ல பெயர் எடுத்த ஊடகவியலாளர். தன்னை நம்பாத மக்கள் அந்த முகத்தையாவது நம்பட்டும் என்றுதான் கோனி அவரைப் பக்கத்தில் வைத்திருந்தார். 17ஆம் திகதி கோனி இராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டு விமானத்தில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பதவியேற்று 15 மாதம்கூட ஆகவில்லை.

2022 ஜூலையில் எமது நாட்டில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பதால் இந்த இடத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. இரண்டும் ஒன்றல்ல. எமது ஜனாதிபதி 52 வீதத்துக்கு மேல் எடுத்து வந்தவர், அவர் போனபோது எல் அல்ட்டோ போல உயிர்கள் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நள்ளிரவில் விமானம் ஏறும் ஜனாதிபதி என்ற காட்சியைப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்கு நாம் தூர தேசத்துக்குப் போக வேண்டியதில்லை.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். ஏனென்றால் பிள்ளைகள் பார்த்தது அதைத்தான்.

கேலிப்படம் பல விடயங்களைச் சரியாகப் பிடித்திருக்கிறது. நாட்டின் பெயரைக்கூட ஒழுங்காக அறியாமல் வந்திறங்குகிற ஆலோசகர்கள், கொள்கைக்குப் பதிலாகச் சொல், வேட்பாளரை அழ வைப்பதற்கான ஒத்திகை, வென்ற அடுத்த நாளே காற்றில் போகும் வாக்குறுதி, இவையெல்லாம் சிரிக்க வைத்துச் சுடுகின்றன. படத்தில் அந்த வாக்குறுதி நாணய நிதியத்தைப் பற்றியது. மக்களிடம் கேட்காமல் கடன் வாங்க மாட்டேன் என்று சொன்ன காஸ்டியோ வென்றவுடன் மாறிவிடுகிறார். அவருக்காக உயிரைக் கொடுத்து வேலை செய்த சேரி இளைஞன் தெருவில் இறங்குகிறான்.

விட்டுவிட்டது எது என்பதுதான் எமக்குப் பிரச்சினை. ஈவோ இல்லை. ஒரு பூர்வகுடி விவசாயத் தலைவன் கிட்டத்தட்ட ஜனாதிபதியாகும் அளவுக்கு வந்தான், 2005 டிசம்பரில் 53.7 வீதத்தோடு மெய்யாகவே வந்தான் என்ற அந்த நாட்டின் மிகப் பெரிய கதைக்கு இடம் கிடைக்கவில்லை. போட்டி இரண்டு ஆலோசகர்களுக்கு இடையில் என்று ஆகிவிட்டது. பொலிவியர்கள் பின்னணியில் நிற்கிறார்கள். கடைசியில் ஆலோசகப் பெண்ணுக்கு மனச்சாட்சி விழிக்கிறது, வாகனத்தை விட்டிறங்கி மக்களோடு நிற்கிறாள். நாம் பார்த்து நிம்மதியாக எழும்புகிறோம். உண்மையில் அப்படி ஒருவர் இறங்கி நின்றதாக எங்கும் வாசிக்கவில்லை.

இன்னொன்று. படத்தில் விளம்பரப் படப்பிடிப்பு ஒன்றின்போது ஒரு லாமா, அந்த நாட்டு ஒட்டகச் சாதி மிருகம், வாகனத்தில் அடிபட்டுச் சாகிறது. பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டிய காட்சி. படத்தைப் பார்த்து முடித்த பிறகு எமது நினைவில் நின்ற ஒரே சாவு அந்த லாமாவின் சாவுதான். ஆவணப்படமோ தொடங்குவதே தெருவில் கிடக்கும் மனிதர்களோடு. முதலில் முடிவைக் காட்டிவிட்டு, இதற்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று ஒரு வருடம் பின்னால் கொண்டுபோகிறார் பொய்ன்டன். அந்தப் படத்திலும் ஆலோசகர்கள் கெட்டவர்களாகத் தெரியவில்லை. படித்தவர்கள், மரியாதையானவர்கள், ஜனநாயகத்துக்கு உதவுகிறோம் என்று நம்புகிறவர்கள். அதனால்தான் அது அதிகம் சுடுகிறது என்பது எமது அபிப்பிராயம். கேலிப்படத்தில் கெட்டவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

இறந்தவர்களின் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. 2011இல் பொலிவிய உயர் நீதிமன்றம் ஐந்து இராணுவ உயர் அதிகாரிகளையும் இரண்டு முன்னாள் அமைச்சர்களையும் குற்றவாளிகளாகத் தீர்த்தது. கோனியையும் அவரது பாதுகாப்பு அமைச்சர் கார்லோஸ் சான்செஸ் பேர்சாயினையும் அமெரிக்கா அனுப்பி வைக்கவில்லை. ஆகவே எட்டுக் குடும்பங்கள் அமெரிக்காவிலேயே வழக்குப் போட்டன. 2018 ஏப்ரலில் புளோரிடாவில் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 10 மில்லியன் டொலர் நட்டஈடு என்றது. அடுத்த மாதமே நீதிபதி அதைத் தள்ளி வைத்தார். மேன்முறையீடு. 2021இல் தீர்ப்பு மறுபடி உறுதியானது. மறுபடி மேன்முறையீடு. கடைசியில் 2023 செப்டெம்பரில் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. தொகை வெளியிடப்படவில்லை. எரிபொருள் பவுசர் எல் அல்ட்டோவைக் கடந்து இருபது வருடங்கள்.

விடுமுறை முடிந்ததும் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கரும்பலகையில் 22.46 என்று மட்டும் எழுதினோம். படத்தில் இந்த இலக்கம் எங்கே வருகிறது என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. பின் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை மட்டும், "அப்ப மத்த 77 பேருக்கும் என்ன சேர் சொன்னாங்க?" என்று கேட்டாள். அந்தப் பாடவேளை முழுவதும் அதிலேயே போய்விட்டது.